மூன்று லிட்டர்

வேதாளையில் என் தெப்பத்தை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.
நீலக் கயிறு, திருஷ்டிக்கு ஒரு மூலையில் பழைய செருப்பு.
அறுபது கிலோ கட்டிவிட்டால்
நாற்பத்தைந்து நாளில் இருநூற்றுக்கு மேல்.
கிள்ளிய துண்டைத்தான் விதை என்கிறோம், வேர் கிடையாது.
கடல் அதனிடம் வளர் என்கிறது.
போதும் என்பது நான்,
என் கத்தி,
அடிவலையைக் கிழித்துப் புகுந்துவிட்ட ஓரா மீன்.

ராம்நாட்டில் ஸ்கேன் எடுத்த பையன்
வயிற்றைத் துடைக்கத் துணி கொடுத்துவிட்டு
இன்னொருவரைக் கூட்டிவந்தான்.
இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.
சாம்பல் வெளியில் கறுப்புக் குமிழ்கள்,
சின்னதும் பெரியதுமாக இரண்டு பக்கமும்,
வாடை திரும்பிய மறுநாள்
கரையில் ஒதுங்கும் சொறி மாதிரி.

டாக்டர் ஹபீபா மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு குழாய் வரைந்தார்.
சிறுநீரகம் முழுக்க இப்படிக் குழாய்கள்,
சுவரில் செல்கள்,
செல்லுக்கு ஒரு மயிரிழை, ஓட்டத்தில் சாய்ந்து நிற்கும்.
நீர் ஓடுகிறது, எல்லாம் சரி, இனிப் பெருக வேண்டாம்
என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கும்.
உங்களுக்கு அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேர்வதில்லை.
பிறக்கும்போதே ஓர் எழுத்துப்பிழை.
இன்னும் கட்டி முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு
ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது,
குழாய் உப்பிப் பையாகிறது.

நோய் என்றால் அழுகல் என்று நினைத்திருந்தேன்,
கருவாட்டில் புழு, வள்ளத்தில் துளை.
இப்படி ஒரு சுறுசுறுப்பு என்று யாரும் சொன்னதில்லை.

உங்கள் அப்பா?
நம்புவேல். ஐம்பத்தொன்றில் போனார்,
வயிறு ஊதி, கால் ஊதி.
குடித்தே செத்தான் என்றது ஊர்.
சாராயத்தைத் தொட்டதில்லை அவர்.
தண்ணீரையும் அதிகம் தொட்டதில்லை.

அதைத்தான் அடுத்துக் கேட்டார்,
நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்?
சிரித்துவிட்டேன்.
விடியலில் கரையில் உட்கார்ந்தால்
விதை கட்டி எழுந்திருக்க மதியம் ரெண்டு.
பெண்கள் பன்னிரண்டு பேர், சுற்றிலும் ஆண்கள்,
வெட்டவெளி. எங்கே ஒதுங்குவது?
குடிக்காமல் இருந்துவிடுவோம். பழகிவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.
நா வறண்டால் மூளை ஒரு செய்தி அனுப்பும்,
இருக்கிற நீரைப் பிடித்து வை என்று.
அதே செய்திதான் அந்தப் பைகளுக்கு
உரம்.

உச்சிப்புளி தாண்டும்வரை பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
இருபத்தாறு வருஷம், நாளுக்கு எட்டு மணி நேரம்.
நான்தான் சொல்லியிருக்கிறேன்
உள்ளே திரும்பி, வாயே திறக்காமல்,
வளர் வளர் என்று.

மூன்று லிட்டர் என்று எழுதியிருந்தார்
மாத்திரை பெயரைவிடப் பெரிய எழுத்தில்,
குடம் பதினைந்து ரூபாய்க்கு வாங்குகிற ஊருக்கு.

இப்போது என் பக்கத்தில் இரண்டு பாட்டில்.
மணிக்கு ஒரு தடவை தெப்பம் பார்க்கிற சாக்கில்
கழுத்தளவுக்கு நடந்துவிட்டு வருகிறேன்.
மீனுக்கு என்ன கூச்சம்.
மீதி வேலை நனைந்த சேலையோடு.
முதலில் சிரித்தார்கள்.
போன வாரம் சேதுக்கனி
ஒன்றும் கேட்காமல் பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.

நம்பீஸ்வரிக்குப் பத்தொன்பது.
பாதிக்குப் பாதி வாய்ப்பு, கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர்.
பரமக்குடியில் படிக்கிறாள், விடுதி.
இன்னும் சொல்லவில்லை.
தண்ணி குடிச்சியா என்று காலையில் கேட்கிறேன்,
ராத்திரி கேட்கிறேன்.
சாப்பிட்டியான்னு கேக்கறதையே விட்டுட்டியேம்மா என்கிறாள்.
நேற்று, காலேஜில் கக்கூஸ் சுத்தமா இருக்கா என்றேன்.

அதற்கு மட்டும்
உடனே பதில் வரவில்லை.